மூன்றாவது பீங்கான்

ரியேகா துறைமுகத்துக்கு மேலே, நாலாவது மாடியில்,
நான் பல் செய்கிறவள்.
பகலில் பிறர் வாய்க்கு.
இரவில் அதே மேசை, அதே இடுக்கி,
ஒன்றுக்கு நூறு அளவில் ஒரு சரக்குக் கப்பல்.
ஐந்து பண்டகக் குழி. பத்துத் தூக்குமரம்.
கப்பிகள் நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்று கீழே உருண்டாலும்
முழங்காலில் ஊர்ந்து தேடுவேன்,
தேள் தேடுகிறவள் மாதிரி.

அடிப்பாகம் எளிது.
மரமும் சாயமும் சொன்னபடி கேட்கும்.
கயிறுதான் வம்பு.

எல்லாவற்றையும் நூறால் வகுத்துவிடலாம்,
எடையை வகுக்க வழியில்லை.
அசல் கப்பலில் கம்பிவடம்
தன் பாரத்தாலேயே தொய்யும்.
என் நூலுக்கு இரண்டே குணம்:
இழுத்தால் சிப்பாய்,
விட்டால் சேமியா.
இடையில் ஒரு நிலை உண்டென்று
அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே மெழுகு பூசினேன்.
மெழுகுவர்த்திச் சுடர்மேல் ஓட்டி
இழைப் பிசிறைப் பொசுக்கினேன்.
தண்ணீர் கலந்த பசையில் நனைத்து
நடுவே ஒரு கடைவாய்ப் பல்லைத் தொங்கவிட்டு
விடியும்வரை காயவைத்தேன்.
தொய்வு வந்தது.
அளந்து பார்த்தேன், சரியாகவே வந்திருந்தது.

மலையிலிருந்து இறங்கும் எங்கள் காற்றுக்குப்
பூரா என்று பெயர்.
மறுநாள் இரவு பூரா பூரா.
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
நாலாம் குழியின் தூக்குமரத்தை முறுக்கிவிட்டது.
அதை இறுக்கினேன்; மூன்று தள்ளி ஒன்று தளர்ந்தது.
அதை இறுக்கினேன்; முன்கொடிமரம் சாய்ந்தது,
அரை மில்லிமீட்டர்.
அரை மில்லிமீட்டர் என்றால்
வாயில் ஒரு மலை.
பதினொரு நாள் வேலையை
பிளேடால் அறுத்துத் தள்ளிவிட்டுத்
தூங்கப் போனேன்.

ஏப்ரலில் டோன்கா பராச் படியேறி வந்தார்.
கப்பலைச் செய்யச் சொன்னவர்.
அதில் ஏழு வருடம் ரேடியோ அதிகாரி,
முப்பத்துநாலு ஆண்களுக்கிடையே.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
தூக்குமரங்களைப் பார்க்கவில்லை,
நான் உயிரை விட்ட அந்தத் தொய்வைப் பார்க்கவில்லை.
பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து
இரு கொடிமரங்களுக்கு நடுவே ஓடும்
ஏரியல் கம்பியிடம் நேராகப் போனார்.

“இதில் எத்தனை பீங்கான்?”
“மூன்று. வரைபடத்தில் மூன்று.”
“இரண்டுதான்.
ஒன்று பிஸ்கே வளைகுடாவில் சிதறிவிட்டது.
மாற்று இல்லை. சமையற்காரர்
ஒரு காபிக் கோப்பையை உடைத்துக் கொடுத்தார்.
கைப்பிடியை வைத்துக் கட்டினேன்.
நாலு வருஷம் அதன் வழியாகத்தான் பேசினோம்.”
“கேப்டனுக்குத் தெரியுமா?”
“கேப்டனின் கோப்பைதான்.”

கடுகில் பாதி அளவுக்கு ஒரு கைப்பிடி.
அதன் உள்ளே நூல் நுழைய ஓட்டை.
பல்லுக்கான மாவைக் குழைத்தேன்.
ஏழு உடைந்தன,
எட்டாவது தும்மலில் பறந்தது.
ஒன்பதாவது,
ஒரு பேருந்து ஓட்டுநரின் முன்பல்லோடு
ஒரே சூளையில் வெந்து வெளியே வந்தது.
ஏரியலை அறுத்து மறுபடி கட்டினேன்.
கப்பலில் ஒரே ஒரு கயிறு
வரைபடத்தை மீறியது.
மற்ற கயிறுகள்
அதற்குப் பிறகு கொஞ்சம் அசடாகத் தெரிந்தன.

டோன்கா மறுபடி வந்தார். வெகுநேரம் பார்த்தார்.
“கைப்பிடியில் ஒரு நீலக்கோடு ஓடும்.”
“சொல்லவே இல்லையே.”
“நீ கேட்கவே இல்லையே.”

என்னிடம் ஒரு நீலம் இருக்கிறது.
முன்பல்லின் விளிம்பில் வைப்பது.
இருந்தால் யார் கண்ணிலும் படாது;
இல்லாவிட்டால்
பல் பொய்யென்று ஊருக்கே தெரிந்துவிடும்.
ஒற்றை மயிர்த் தூரிகையை எடுத்தேன்.
மூச்சை நிறுத்தினேன்.
மேசை விளக்கை
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்
சாய்த்துப் பிடித்தார் டோன்கா.